இடது கைப்பக்கம் கடல்

கால் இருக்கிற எவரும் தானாகச் செய்துகொள்ளக்கூடிய ஒரு வேலையை, முன்னால் நின்று செய்துகாட்டுவதுதான் என் தொழில். நடப்பது.

கோயமுத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழையாறு துறைமுகத்தில் இறக்குவேன். அங்கிருந்து கடற்கரை மணலிலேயே தெற்கே நடத்தி, திருமுல்லைவாசல், பூம்புகார் வழியாக, நாலாம் நாள் சாயங்காலம் தரங்கம்பாடிக் கோட்டை வாசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். பைகள் வேனில் வரும், ஆட்கள் காலில் வருவார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நடை, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு நடை. நடுவில் சாப்பாடு, தூக்கம், என்னுடைய சரித்திரப் பேச்சு. இந்த மூன்றில் முதல் இரண்டைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் உட்கார்ந்து டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். ஊரையெல்லாம் காசிக்கும் காஷ்மீருக்கும் அனுப்பிவிட்டு நான் டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போவேன். ஒருநாள் கம்ப்யூட்டர் திரையிலிருந்த கடல் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் புத்தி கெட்டுவிட்டது. உங்களில் காதுகுத்துக்கோ கல்யாணத்துக்கோ ஒரு வேன் பிடித்துச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனவர்கள் இருப்பீர்கள். ஒருவர் ஏறினால் இன்னொருவர் டீ குடிக்க இறங்குவார். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் ஒரே ஒரு நாள் பட்ட பாட்டை நான் வருஷம் முழுக்கப் படுகிறேன், அவ்வளவுதான்.

முதல் காலை

முதல் பயணத்துக்கு முன்னால் நான் தனியாக இரண்டு தடவை அந்தக் கரை முழுக்க நடந்து பார்த்திருந்தேன். பஸ் வசதி அப்படி அமைந்ததால், இரண்டு தடவையும் தரங்கம்பாடியில் ஆரம்பித்து வடக்கே பழையாறு வரைக்கும் போனேன். அதாவது கடல் எனக்கு வலது கைப்பக்கம். அது மூளைக்குப் போகாமல் நேராக உடம்புக்குள் போய்விட்டது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது திசை தலைகீழ். தெற்கே நடக்க வேண்டும், கடல் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். இதை நானே துண்டுப் பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்.

விடிந்தும் விடியாத நேரத்தில் ஒன்பது பேரையும் வரிசையில் நிறுத்தினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடலை வழக்கம்போல் வலது பக்கம் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சூரியன் எழுந்து வலது கன்னத்தில் அடித்தது. அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று சொன்னேனே தவிர, அது ஏன் அங்கே இருக்கிறது என்று யோசிக்கவில்லை. அரைமணி நேரம் நடந்திருப்போம், தரை தீர்ந்துவிட்டது. எதிரே கொள்ளிடம் கடலில் சேர்கிற இடம், அகண்ட தண்ணீர், அக்கரையில் சதுப்புக் காடு. வடக்கே வந்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் திரும்பி நின்று, "இதைக் காட்டத்தான் முதல்ல இங்க கூட்டிட்டு வந்தேனுங்க" என்று கையை விரித்தேன். எல்லோரும் ஆளுக்கு நாலு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஒருவர் மட்டும் எடுக்கவில்லை. நாச்சிமுத்து என்று பெயர். தாராபுரம் ரூட்டில் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தண்ணீரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகப் பக்கத்தில் வந்து, மற்றவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஏனுங்க அம்மணி, போர்டத் திருப்பி வெக்காமயே வண்டிய எடுத்துப்போட்டீங்களா?"

பத்தாயிரம்

தினமும் நடைப்பயிற்சி செய்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவது சுலபம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆர்.எஸ்.புரத்திலிருந்து வந்த சிவகுமார் அந்த நினைப்பைத் திருத்தினார். மோட்டார் பம்ப்செட் தயாரிக்கிறவர். கையில் அடி எண்ணுகிற கடிகாரம். கரையில் படகைப் பார்த்தால் கடிகாரத்தைப் பார்ப்பார், கோயிலைப் பார்த்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். இரண்டாம் நாள் சாயங்காலம், பூம்புகாருக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, அது பீப் பீப் என்று அடித்தது. மனிதர் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"பத்தாயிரம் முடிஞ்சுதுங்க. அதுக்கு மேல போனா முட்டி தேஞ்சுபோயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார். வேன் மணலுக்குள் வராது. நான் கெஞ்சினேன். இன்னும் கொஞ்ச தூரம்தான், அதோ ஊர் தெரிகிறது என்றேன். அவர் அந்தக் கொஞ்ச தூரத்தை அடிகளாகப் பெருக்கிச் சொல்லி, "இத நாளைக்கு நடந்துக்கலாமுங்க" என்றார். காவிரிப்பூம்பட்டினம் கடலுக்குள் போன கதையை அந்த இடத்தில்தான் சொல்வது வழக்கம். கதை கேட்டால் எழுந்து வருவார் என்று நினைத்துச் சொன்னேன். மொத்தப் பட்டினமும் மூழ்கி முடிந்தது, அவர் அசையவில்லை.

முன்னால் போய்க்கொண்டிருந்த அவர் மனைவி கவிதா திரும்பி வந்தார். குனிந்து, கணவர் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே நடக்கறது எதுவும் எண்ணிக்கைல சேராதுங்க. எந்திரிங்க."

காற்றில் போன பேச்சு

கடற்கரையில் பேசுவது ஒரு தண்டனை. காற்று வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். முதல் வரிசைக்குப் பாதி கேட்கும், கடைசி வரிசைக்கு என் கை ஆடுவது மட்டும் தெரியும். அப்படி ஒரு பயணத்தில்தான் சோமனூரிலிருந்து சின்னச்சாமியும் அவர் மனைவி சரோஜாவும் வந்தார்கள். சொந்தத்தில் விசைத்தறி வைத்திருப்பவர்கள். தறி ஓடுகிற கொட்டகையில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது என்பதால், அங்கே வேலை செய்கிறவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். இவர்கள் இரண்டு பேரும் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள். இது எனக்குத் தெரியாது.

சின்னச்சாமிக்கு எங்கே போனாலும் ஓரம் ஒதுங்கி ஒரு போன் பேச வேண்டும். நூல் வந்ததா, பாவு சுற்றிய பீம் தறியில் ஏறியதா, கரண்ட் இருக்கிறதா. எல்லோரும் வெயிலில் நின்று காத்திருப்போம். ஐந்தாவது தடவை அவர் போனும் கையுமாகப் படகு மறைவுக்குப் போனபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. சரோஜா தூரத்தில் எனக்கு எதிரே அலையோரம் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு எனக்கு நானே முணுமுணுத்தேன்: "இந்தாளக் கூட்டிட்டு வந்ததுக்கு நாலு ஆட்டக் கூட்டிட்டு வந்திருக்கலாம்." சத்தம்கூட வரவில்லை, உதடுதான் அசைந்தது. தூரத்தில் சரோஜா திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிப்பியைப் பார்த்தா இப்படிச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டின்போது அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மிக நிதானமாகச் சொன்னார்: "ஆடுங்கறது லேசுப்பட்ட சோலி இல்லீங்க அம்மணி. வேளாவேளைக்குத் தீனி போடோணும், மழைக்குப் புடிச்சுக் கட்டோணும். அதுக்கு எங்க ஊட்டுக்காரரே பரவால்லீங்க."

அன்றைக்கு நான் சாப்பிட்ட சோறு எங்கே போனது என்று தெரியாது. ஆனால் சாயங்காலத்திலிருந்து சரோஜா கடைசி வரிசையில் நின்றுகொண்டு, நான் பேசுவதை உதட்டைப் பார்த்து மற்றவர்களுக்குச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். நீளமாகச் சொல்வதையெல்லாம் அவரே சுருக்கிவிட்டார். சோழர் துறைமுகத்தைப் பற்றி நான் கால்மணி நேரம் பேசியதற்கு அவர் கொடுத்த மொழிபெயர்ப்பு இது: "முந்தி இங்க கப்பல் வந்துதாமா. இப்ப வர்றதில்லையாமா. வாங்க போலாம்."

ஆமைக்குஞ்சுகள்

மாசி, பங்குனியில் எங்கள் வழியிலிருக்கும் கூழையார் பக்கம் கடல் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். இரவில் கரைக்கு வந்து ஆமை இட்டுவிட்டுப் போகிற முட்டைகளை வனத்துறையினர் எடுத்து வேலிக்குள் புதைத்துப் பாதுகாத்து, குஞ்சு பொரித்ததும் கொண்டுவந்து மணலில் விடுவார்கள். அதைக் காட்டுகிறேன் என்று அந்த மாதங்களில் ஒவ்வொரு பயணத்திலும் வாக்குக் கொடுப்பேன். ஒவ்வொரு பயணத்திலும் அன்றைக்குப் பார்த்து ஒரு முட்டைகூடப் பொரிந்திருக்காது. வெறும் வேலியைக் காட்டி ஆமையின் வாழ்க்கையை நடித்துக் காட்டுவேன். இரண்டு கையையும் துடுப்புப்போல் அசைத்து மணலில் தவழ்ந்தெல்லாம் காட்டியிருக்கிறேன்.

ராஜலட்சுமி அம்மா வந்த பயணத்தில் அதிசயமாகக் குஞ்சுகள் வந்தன. அவர் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நூற்பாலை இருந்தது. இரண்டு மகன்களும் இரண்டு நாடுகளில். தினமும் காலையில் ஒருவனிடமும் சாயங்காலம் ஒருவனிடமும் போனில் தெலுங்கில் பேசுவார். பேசி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் தமிழுக்கு வருவார். ஒவ்வொரு தடவை அவர்கள் வந்துவிட்டுத் திரும்பும்போதும் விமான நிலையக் கண்ணாடிக்கு வெளியே கடைசி வரைக்கும் நின்று கையசைத்துவிட்டு வருவது தன் வழக்கம் என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சுகள். விட்டதும் விழுந்து எழுந்து அலையை நோக்கி ஓடின. ஒன்று கவிழ்ந்து, தானே நிமிர்ந்துகொண்டது. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் கண் கலங்கினார்கள். தாய் ஆமை முட்டையிட்டதோடு சரி, பிறகு குஞ்சுகளைப் பார்ப்பதே இல்லை என்று நான் குரலை நடுங்கவிட்டுச் சொன்னேன். ராஜலட்சுமி அம்மாவின் தோளில் ஆறுதலாகக் கையும் வைத்தேன். அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசிக் குஞ்சு அலைக்குள் போகும் வரைக்கும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வழியனுப்பக்கூட வர்றதில்லையா? கெட்டிக்காரி."

கோட்டையும் தென்னையும்

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் வேலுச்சாமியைக் கூட்டிக்கொண்டு போனது, என்னைவிட நல்ல வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனதுபோல் ஆயிற்று. மணலில் ஒரு தென்னை மரம் தெரிந்தால் போதும், கரையை விட்டு விலகி அங்கே போய்விடுவார். தண்டைத் தட்டுவார். குருத்தை அண்ணாந்து பார்ப்பார். வீட்டுக்காரர் வெளியே வந்து யார் என்று கேட்டால், "ஏனுங்க, மரத்துல வண்டு இருக்குதுங்க, பாத்துக்குங்க" என்பார். உடனே நாற்காலி வரும், இளநீர் வரும். அதைப் பார்த்து மற்றவர்களும் அவர் பின்னால் போய்விடுவார்கள். கடற்கரையில் நானும் என் குடையும் மட்டும் நிற்போம். மூன்றாம் நாள் நானும் வெட்கத்தை விட்டுவிட்டு இளநீர் வரிசையில் சேர்ந்துகொண்டேன்.

தரங்கம்பாடிக் கோட்டை என் இடம். அங்கே யாரையும் விடமாட்டேன் என்று உறுதியாக இருந்தேன். டென்மார்க்காரர்கள் எத்தனையோ மாசம் கப்பலில் கஷ்டப்பட்டு வந்தார்கள், தஞ்சாவூர் ராஜாவிடம் இந்த இடத்தைக் கேட்டு வாங்கினார்கள், மிளகுக்காக இந்தக் கோட்டையைக் கட்டினார்கள், தலைமுறை தலைமுறையாக இருந்துவிட்டு, கடைசியில் இங்கிலீஷ்காரர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். வேலுச்சாமி முதல் தடவையாகக் கவனமாகக் கேட்டார். கையைக்கூடத் தூக்கினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அவுங்க ஊர்ல தென்னை உண்டுங்களா?" என்றார். குளிர் தேசம், இருக்காது என்றேன். கோட்டை மதிலுக்கு வெளியே வரிசையாக நின்ற மரங்களைப் பார்த்தார். அந்த டென்மார்க்காரர்களுக்காக மனதார வருத்தப்பட்டு, தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "தென்னை இருக்கற ஊர வித்துப்போட்டு, தென்னை இல்லாத ஊருக்கா திரும்பிப் போனாங்க? ஊட்டுல பெரியவங்க யாரும் சொல்லலீங்களா?"

காவிரி கடலில் சேரும் இடம்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது. இதையும் அப்படியே சொல்லப் பார்க்கிறேன்.

பூம்புகாரிலிருந்து தெற்கே போக வேண்டுமென்றால் காவிரியின் வாயைக் கடக்க வேண்டும். சில மாதங்களில் மணல் மேடிட்டு முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். சில மாதங்களில் மேடு உடைந்து ஆழமாகிவிடும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள், பக்கத்து மீனவக் குப்பத்துக் கலியமூர்த்திக்குப் போன் போட்டுக் கேட்பேன். தேவைப்பட்டால் அவரே படகு கொண்டுவந்து அக்கரையில் விடுவார். அந்தத் தடவை நான் போன் போடவில்லை. போன மாதம் நடந்தே கடந்திருந்தேன், அந்தத் தைரியம். தவிர, காவிரியைக் காலால் கடக்கப் போகிறோம் என்று ஆட்களிடம் பெரிதாகச் சொல்லிவைத்திருந்தேன். படகில் போனால் அதில் என்ன பெருமை இருக்கிறது?

அந்தக் கூட்டத்தில் எஸ்தரம்மா என்று ஒருவர். அறுபதைத் தாண்டியவர். அன்னூர்ப் பக்கத்துக்காரர், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் இருக்கும் மகள்தான் இந்தப் பயணத்துக்குப் பேர் கொடுத்து அனுப்பியிருந்தாள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். மெதுவாக நடப்பார். இவர் நடக்க முடியாதவர் என்று முதல் நாளே முடிவு செய்து, அவர் கூடவே பின்னால் நடந்து, "மெதுவா வாங்கம்மா, மெதுவா வாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து அவர்தான் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

அன்று காலை எல்லோரையும் கரையில் நிறுத்திவிட்டு, ஆழம் பார்த்துக் காட்டுகிறேன் என்று நான் முதலில் இறங்கினேன். அதுவும் எப்படி? அவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே, பின்பக்கமாக நடந்து. கணுக்கால், முழங்கால், பிறகு தரையே இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. கடலோரம் ஆட்களை நடத்துகிற தொழிலில் இருந்துகொண்டு, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆறு என்னைக் கடல் பக்கம் இழுத்தது. இரண்டு கையையும் தூக்கினேன். கரையிலிருந்தவர்கள் நான் கையசைக்கிறேன் என்று நினைத்துத் திருப்பிக் கையசைத்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. வீட்டில் அடுப்பில் வைத்த பாலை இறக்கினேனா என்ற நினைப்பு வந்தது. சாகப் போகிறவளுக்கு வருகிற நினைப்பா அது என்று வருத்தமாகவும் இருந்தது. அப்போது என் கொண்டையை ஒரு கை பிடித்தது.

மணல் திட்டில் என்னைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தவர் எஸ்தரம்மா. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார். கரையிலிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அந்தம்மா எப்போது தண்ணீரில் இறங்கினார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் ஆள் நீந்தி வருகிற ஒரு சலசலப்புகூடக் கேட்கவில்லை. இருமி, அழுது, மறுபடியும் இருமி ஓய்ந்த பிறகு, "எப்படிங்கம்மா சத்தமே இல்லாம வந்தீங்க?" என்று கேட்டேன். அவர் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "எங்கம்மா வேலைக்குப் போன தோட்டத்துல பெரிய கெணறுங்க கண்ணு. அதுல எங்க சனம் எறங்கக் கூடாது. தோட்டத்துக்காரங்க சோத்துக்குப் போற நேரமாப் பாத்து எறங்கி, தண்ணி சலம்பாம நீந்திப் பழகுனது. இன்னைக்கும் சத்தம் போட்டு நீந்த எனக்கு வரமாட்டீங்குது."

கருத்துப் படிவம்

அரைமணி நேரத்தில் கலியமூர்த்தி படகோடு வந்தார். யாரோ அவருக்குப் போன் போட்டிருந்தார்கள். என் நனைந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, "போன மாசம் பாத்த ஆறு இந்த மாசமும் அங்கயே உக்காந்துருக்குமாம்மா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். நான் தலை குனிந்து எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். போன் போடாதது, பெருமைக்காக இறங்கியது, நீச்சல் தெரியாதது, எல்லாம். உங்களில் யாரையாவது முன்னால் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், இத்தோடு பயணத்தை முடித்துக்கொண்டு வேனில் ஊருக்குத் திரும்பலாம் என்றேன். வீட்டுக்குப் போனதும் இந்தத் தொழிலையே விட்டுவிடுவது என்று மனசுக்குள் முடிவும் எடுத்திருந்தேன்.

அவர்கள் என்னைப் படகோரம் உட்காரவைத்துவிட்டுத் தள்ளிப் போய்ப் பேசினார்கள். திரும்பி வந்து, நடக்கலாம் என்றார்கள். இரண்டு கட்டளைகள் போட்டார்கள். வழிகாட்டி இனிமேல் பின்பக்கமாக நடக்கக் கூடாது. எங்கே தண்ணீர் வந்தாலும் எஸ்தரம்மா சொன்ன பிறகுதான் வழிகாட்டி காலை வைக்க வேண்டும். தரங்கம்பாடி வரைக்கும் ஒரு சின்ன வாய்க்கால் வந்தால்கூட நான் நின்று எஸ்தரம்மா முகத்தைப் பார்ப்பேன். அவர் தலையசைத்தால் தாண்டுவேன்.

பயணம் முடிந்ததும் எல்லோரிடமும் ஒரு கருத்துப் படிவம் வாங்குவது வழக்கம். அந்தத் தடவை கொடுக்கவே எனக்குக் கூச்சம். அவர்களாகக் கேட்டு வாங்கி நிரப்பினார்கள். சாப்பாடு நன்று, தங்குமிடம் நன்று, கோட்டை அருமை. கடைசிக் கேள்வி, 'எங்கள் வழிகாட்டியைப் பற்றி உங்கள் கருத்து'. அதில் எஸ்தரம்மா நர்ஸுகளுக்கே உரிய சுத்தமான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "ஆள் கனமில்லை. இழுக்கச் சிரமமில்லை."

வகுப்புத் தோழி

அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலை விடுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எட்டாம் நாள் காலை கோயமுத்தூரில் ஒரு நீச்சல் குளத்தில் போய்ப் பேர் கொடுத்தேன். ஆரம்ப வகுப்பு. என்னோடு சேர்ந்தவர்கள் ஏழு பேர், அத்தனை பேருக்கும் முன்பல் விழுந்திருந்தது. எனக்கு நாற்பத்து நான்கு. பயிற்சியாளர் வரிசையாக நிற்கச் சொன்னார். உயரப்படி நின்றதில் நான் கடைசி, திறமைப்படி நின்றாலும் கடைசி. முதல் வாரம் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தோம். இரண்டாவது வாரம் அவர்கள் கம்பியை விட்டார்கள், நான் விடவில்லை.

என் பக்கத்துக் கம்பி யாழினிக்கு. வயது ஆறு. அவள் பயப்படக் கூடாது என்று நான் தினமும் அவளுக்குத் தைரியம் சொல்வேன். தண்ணீர் நம்மைத் தானாகவே தூக்கும், உடம்பைத் தளர்த்த வேண்டும், மூச்சைச் சீராக விட வேண்டும் என்று, கடற்கரையில் பேசுவதுபோலவே கை ஆட்டிப் பேசுவேன். ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே கை வழுக்கி உள்ளே போய்விட்டேன். இடுப்பளவு தண்ணீர்தான் என்று ஞாபகம் வந்து எழுந்து நிற்பதற்குள் அரைக் குளத்தைக் குடித்திருந்தேன். யாழினி நீந்தி வந்து, நீச்சல் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு, மிகவும் கவலையோடு சொன்னாள்: "ஆன்ட்டி, தண்ணிக்குள்ள போனதுக்கு அப்புறமாச்சும் வாய மூடோணும்."

இப்போது குளத்தின் அகலத்தை ஒரே மூச்சில் கடந்துவிடுகிறேன், அடுத்த பயணத்துக்கும் பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இத்தனை நாளில் நான் யாரையும் கடலோரம் கூட்டிப்போனதாகச் சொல்ல முடியாது, என்னைத்தான் ஒவ்வொரு தடவையும் பத்துப் பேர் சேர்ந்து கூட்டிப்போய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து வீட்டில் விட்டிருக்கிறார்கள்.